சமாதான நாளும் நம் பங்கும்

ஜனவரி முதல் நாள் நமக்கு மூன்று வகையில் சிறப்பு வாய்ந்தது. உலகத்தார் அனைவருக்கும் அது புத்தாண்டுப் பிறப்பு. திருச்சபையின் வழிபாட்டில் அது கிறிஸ்து பிறப்பின் எட்டாம் நாள். கன்னிமரி இறைவனின் தாய் என்னும் பெருவிழா. மூன்றாவதாக, 1968-ஆம் ஆண்டு முதல் அது உலக சமாதான நாளாகவும் விளங்கி வருகிறது.

முதல் இரண்டையும் நாம் மறப்பதில்லை. டிசம்பர் 31 இரவில் நன்றி வழிபாட்டுக்கு வருகிறோம். நள்ளிரவுத் திருப்பலியில் கோவில் நிரம்பி வழிகிறது. புத்தாடை உடுத்தி, பங்குத் தந்தையிடம் ஆசீர் பெற்று, வீடு வீடாக வாழ்த்துச் சொல்லி மகிழ்கிறோம். ஆனால் மூன்றாவது சிறப்பு பெரும்பாலும் மறையுரையில் ஒரு வரியோடும், விசுவாசிகள் மன்றாட்டில் இன்னொரு வரியோடும் நின்று விடுகிறது. பொழுது விடிந்ததும் அது நம் நினைவை விட்டே அகன்று விடுகிறது.

ஜூபிலி மலரில் கோவில் எழும்பிய வரலாற்றையும், நம்மை வழிநடத்திய குருக்களின் வரலாற்றையும் படிப்பது வழக்கம். அவற்றோடு இந்த நாளின் வரலாற்றையும் அறிந்துகொள்வது பொருத்தமே. ஏனெனில் இது உரோமையிலிருந்து அறிவிக்கப்பட்ட நாளாயினும், கொண்டாடப்பட வேண்டியது நம்மைப் போன்ற ஊர்களிலேதான்.

போர்களின் நடுவே எழுந்த குரல்

இருபதாம் நூற்றாண்டு இரண்டு உலகப் போர்களைக் கண்டது. 1914-ஆம் ஆண்டு கோடையில் முதற் போர் மூண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் 15-ஆம் ஆசீர்வாதப்பர். டிசம்பர் 7-ஆம் நாள் அவர் போரிடும் நாடுகளுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். கிறிஸ்து பிறந்த நாளிலாவது துப்பாக்கிகள் ஓயட்டும் என்று மன்றாடினார். அரசுகள் அதற்கு இணங்கவில்லை. ஆனால் நடந்தது என்ன? கிறிஸ்மஸ் இரவில் மேற்குப் போர்முனையின் பல இடங்களில், எதிரெதிர் பதுங்கு குழிகளில் கிடந்த போர்வீரர்கள் தாங்களாகவே சுடுவதை நிறுத்தினார்கள். குழிகளை விட்டு வெளியே வந்து கைகுலுக்கினார்கள், பாட்டுப் பாடினார்கள், இறந்து கிடந்த தோழர்களை அடக்கம் செய்தார்கள். மேலே இருந்தவர்கள் மறுத்த சமாதானத்தை, கீழே இருந்த எளியவர்கள் ஒரு நாளாவது செய்து காட்டினார்கள். இந்த நாளின் பொருளை உணர விரும்புவோர் இந்நிகழ்ச்சியை மறக்கலாகாது.

1917 ஆகஸ்ட் முதல் நாள் அதே திருத்தந்தை போரிடும் நாடுகளின் தலைவர்களுக்கு மீண்டும் எழுதினார். படைக்குறைப்பு வேண்டும், வழக்குகளை நடுவர் தீர்ப்புக்கு விட வேண்டும் என்று கேட்டார். அதுவும் செவிசாய்க்கப்படவில்லை. ஆயினும் அவர் செய்த ஒரு காரியம் நம் வீடுகளுக்குள் வந்து நிலைத்து விட்டது. நம் பாட்டிமார் ஜெபமாலை முடிவில் முழந்தாளிட்டுச் சொல்லும் தேவமாதா பிரார்த்தனையில் 'சமாதானத்தின் இராக்கினி' என்ற மன்றாட்டு வருகிறதன்றோ? அதை எல்லாரும் நிலையாகச் சொல்லும்படி சேர்த்தவர் 15-ஆம் ஆசீர்வாதப்பரே. 1917 மே 5-ஆம் நாளிட்ட கடிதத்தில் அவர் அவ்வாறு பணித்தார். எட்டு நாட்களுக்குப் பின், மே 13-ஆம் நாள், பாத்திமாவில் அன்னை மூன்று சிறாருக்குக் காட்சி தந்தார். இன்று நம் சிறு குழந்தைகளும் ஒப்பிக்கும் அந்த மன்றாட்டு, குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த காலத்தில் பிறந்த மன்றாட்டாகும்.

இரண்டாம் உலகப் போர் மூளுவதற்கு ஒரு வாரம் முன்பு, 1939 ஆகஸ்ட் 24-ஆம் நாள், 12-ஆம் பத்திநாதர் வானொலி வழியாகத் தலைவர்களைக் கெஞ்சினார். போரும் வந்தது. 1945 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரோஷிமா நகரின்மேல் அணுகுண்டும் விழுந்தது.

1962 அக்டோபரில் கியூபா நெருக்கடியால் உலகம் அணு ஆயுதப் போரின் விளிம்புக்கே சென்றது. அப்போது 23-ஆம் அருளப்பர் அக்டோபர் 25-ஆம் நாள் வானொலியில் பேசி, சமாதானத்துக்காக எழும் மக்களின் கூக்குரலைக் கேளுங்கள் என்று ஆட்சியாளரை வேண்டினார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள், பெரிய வியாழனன்று, 'அவனியில் அமைதி' என்று நாம் தமிழில் அழைக்கும் சுற்றுமடலை வெளியிட்டார். கத்தோலிக்கருக்கு மட்டுமன்றி நல்மனம் கொண்ட அனைவருக்கும் என்று முகவரியிட்டு எழுதப்பட்ட முதல் சுற்றுமடல் அது. இரண்டு மாதம் ஆவதற்குள் அவர் இறைவனடி சேர்ந்தார்.

நம் நாட்டுக்கு வந்த திருத்தந்தை

அவருக்குப் பின் வந்தவர் ஆறாம் சின்னப்பர். இன்று நாம் புனித ஆறாம் பவுல் என்று அழைக்கும் திருத்தந்தை. இந்திய மண்ணில் கால்பதித்த முதல் திருத்தந்தை இவரே. 1964 டிசம்பரில் பம்பாயில் நடந்த 38-ஆவது அனைத்துலக நற்கருணை மாநாட்டுக்கு அவர் வந்தார். மாநாட்டு நாட்களிலேயே பத்திரிகையாளர்கள் வாயிலாக உலக நாடுகளுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். படைக்கலங்களுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து ஏழை நாடுகளுக்கு உதவ ஓர் உலக நிதி தொடங்குங்கள் என்பதே அது.

புறப்படும்போது, அமெரிக்க மக்கள் தமக்கு அளித்திருந்த காரை அன்னை தெரசாவுக்குக் கொடுத்துச் சென்றார். அன்னை அந்தக் காரில் ஏறிப் போகவில்லை. அதைக் குலுக்கல் பரிசாக வைத்துப் பணம் திரட்டி, தொழுநோயாளருக்கான குடியிருப்பு எழும்பச் செய்தார். அதன் பெயர் சாந்தி நகர். சாந்தி என்றாலும் சமாதானம்தானே! ஊரார் ஒதுக்கி வைத்தவர்களுக்கு வீடும் வேலையும் கொடுத்த இடத்துக்கு அந்தப் பெயரை வைத்ததில் ஒரு பாடம் இருக்கிறது.

1965 அக்டோபர் 4-ஆம் நாள், அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ்கு திருநாளன்று, ஆறாம் சின்னப்பர் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபையின் முன் நின்று, இனி ஒருபோதும் போர் வேண்டாம் என்று முழங்கினார். 1967 மார்ச்சில் 'மக்களின் முன்னேற்றம்' பற்றிய சுற்றுமடலை எழுதி, மக்களின் வளர்ச்சியே சமாதானத்தின் புதிய பெயர் என்று கற்பித்தார். அவ்வாண்டு வியட்நாமில் போர் கடுமையாக நடந்துகொண்டிருந்தது. டிசம்பர் 8-ஆம் நாள், அமல உற்பவத் திருநாளன்று, அவர் உலகுக்கு ஒரு செய்தி விடுத்தார். ஆண்டின் முதல் நாளைச் சமாதான நாளாகக் கொண்டாடுங்கள் என்று அழைத்தார். இவ்வாறு 1968 ஜனவரி முதல் நாள் முதலாவது உலக சமாதான நாள் பிறந்தது.

அச்செய்தியில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. இந்த நாள் கத்தோலிக்கருக்கு மட்டும் உரியதன்று என்று அவர் தெளிவாகக் கூறினார். சமாதானத்தை உண்மையாக நேசிக்கும் எவரும் இதைத் தம் சொந்த முயற்சியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்பினார். மேலும், இதைக் கொண்டாடும் முறையை அவரவர் இயல்புக்கு ஏற்ப அவரவரிடமே விட்டு விட்டார். குருத்து ஞாயிற்றுக்குக் குருத்தும், பெரிய வெள்ளிக்குச் சிலுவை முத்தியும் உண்டு. சமாதான நாளுக்கு அப்படி எந்தச் சடங்கும் விதிக்கப்படவில்லை. அதை நிரப்ப வேண்டியவர்கள் நாமே.

உலகிலிருந்து உள்ளத்துக்கு

ஆறாம் சின்னப்பர் ஆண்டுதோறும் ஒரு தலைப்புக் கொடுத்து, இந்நாளுக்காகப் பதினொரு செய்திகள் விடுத்தார். அத்தலைப்புகளை வரிசையாகப் பார்த்தால் அவை நம்மை எங்கே அழைத்துச் செல்கின்றன என்பது விளங்கும். 1969-இல் மனித உரிமைகளைப் பற்றிப் பேசினார். 1971-இல் ஒவ்வொரு மனிதனும் என் சகோதரன் என்றார். 1972-இல் சமாதானம் வேண்டுமானால் நீதிக்காக உழை என்றார். 1974-இல் சமாதானம் உன்னையும் சார்ந்தது என்றார். அரசுகளிடம் பேசத் தொடங்கியவர் நம் வீட்டு வாசலில் வந்து நின்று பெயர் சொல்லி அழைப்பது போல் இருக்கிறதல்லவா?

1976-இல் சமாதானத்தின் உண்மையான ஆயுதங்கள் எவை என்று கேட்டார். அச்செய்தியில் இரோஷிமாவின் கொடுமையை நினைவூட்டினார். அதே செய்தியில், உடல் வலிமையற்ற ஒரு மனிதர் அகிம்சையை மட்டும் ஆயுதமாக ஏந்திக் கோடிக்கணக்கான மக்களுக்கு விடுதலை தேடித் தந்ததையும் எடுத்துக்காட்டினார். அவர் நம் காந்தியடிகள். இந்த நாளை நிறுவிய திருத்தந்தை 1978-இல், இரோஷிமாவின் நினைவு நாளாகிய ஆகஸ்ட் 6-ஆம் நாளிலேயே இறந்தார். 2018 அக்டோபர் 14-ஆம் நாள் புனிதர் பட்டம் பெற்றார்.

பின்வந்த திருத்தந்தையரும் இவ்வழக்கத்தை ஓர் ஆண்டும் கைவிடவில்லை. 1990-இல் இரண்டாம் அருள் சின்னப்பர், படைப்போடும் சமாதானம் வேண்டும் என்று நிலம், நீர், காற்றைப் பற்றிப் பேசினார். அமெரிக்காவில் 2001-இல் நடந்த பயங்கரத் தாக்குதலுக்குப் பின், 2002-இல், நீதியின்றிச் சமாதானம் இல்லை, மன்னிப்பின்றி நீதி இல்லை என்றார். 2017-இல் வந்த ஐம்பதாவது செய்தியில் திருத்தந்தை பிரான்சிஸ் அகிம்சையையே தலைப்பாக்கி, காந்தியடிகளையும் கான் அப்துல் கபார் கானையும் அன்னை தெரசாவையும் நினைவுகூர்ந்தார்.

ஐக்கிய நாடுகள் சபையும் 1981-இல் ஓர் அனைத்துலக சமாதான நாளை ஏற்படுத்தியது. 1982 முதல் அது கொண்டாடப்படுகிறது. 2001-இல் அதைச் செப்டம்பர் 21 என்று நிலைப்படுத்தி, அன்று ஒரு நாளாவது போர்கள் ஓய வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. ஆண்டில் ஒரு நாளையாவது ஆயுதத்துக்கு ஓய்வு நாளாக்க வேண்டும் என்ற ஆசீர்வாதப்பரின் ஏக்கம் இங்கும் ஒலிக்கிறது.

பீடத்தண்டையில் சமாதானம்

சமாதான நாள் ஆண்டுக்கு ஒரு முறை வருகிறது. ஆனால் சமாதான வாழ்த்து ஒவ்வொரு திருப்பலியிலும் வருகிறது. ஏறக்குறைய கி.பி. 150-இல் எழுதிய புனித ஜஸ்டின், கிறிஸ்தவர்கள் செபங்களை முடித்ததும் ஒருவரையொருவர் முத்தமிட்டு வாழ்த்தியதைக் குறிப்பிடுகிறார். காலப்போக்கில் இவ்வழக்கம் பாடற்பூசையில் பீடத்தைச் சூழ்ந்து நின்ற குருக்களோடு ஏறக்குறைய நின்று போயிற்று. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் எழுந்த வழிபாட்டுச் சீர்திருத்தத்தால் அது மீண்டும் மக்களிடம் வந்து சேர்ந்தது.

நம் நாட்டில் அதற்கு நம் பண்பாட்டுக்கேற்ற உருவமும் கிடைத்தது. 1969 ஏப்ரல் 25-ஆம் நாள் உரோமை, இந்தியத் திருச்சபைக்குப் பன்னிரண்டு வழிபாட்டுத் தழுவல்களுக்கு இசைவு அளித்தது. அவற்றுள் ஒன்று, சமாதான வாழ்த்தைக் கைகூப்பித் தெரிவிக்கலாம் என்பது. ஆகவே அருகில் இருப்பவரை நோக்கிக் கைகூப்பும்போது நாம் வெறும் வணக்கம் சொல்லவில்லை. உன்னோடு எனக்கு வழக்கில்லை என்று ஆண்டவர் முன்னிலையில் உறுதி கூறுகிறோம். காணிக்கை செலுத்த வரும்போது சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்பதன்றோ ஆண்டவரின் கட்டளை! ஆனால் நாம் செய்வதென்ன? மனத்தாங்கல் உள்ளவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பார்த்து, மறுபக்கம் திரும்பிக் கைகூப்புகிறோம்.

கோவிலுக்குள் ஒரு சுவர்

நம் தமிழ்நாட்டுத் திருச்சபை வரலாற்றில் ஒரு சுவரின் கதை உண்டு. நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் பழம்பெரும் கத்தோலிக்க ஊர். அங்கே 1870-களில் எழும்பிய கோவிலில், ஒரே பீடத்தை நோக்கி இரண்டு தனித்தனிப் பகுதிகள் அமைந்திருந்தன. இடையே சுவர். ஒரே நற்கருணையை உட்கொண்டவர்கள் சாதியின் பேரால் ஒருவர் முகத்தை ஒருவர் காணாமல் செபித்தார்கள். 1910-இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. கலகமும் வழக்கும் தொடர்ந்தன. வழக்குச் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. கோவிலில் சாதியின் பேரால் தனி இடம் கேட்க யாருக்கும் உரிமை கிடையாது என்று தீர்ப்பாயிற்று.

இக்கதையை அந்த ஊரைக் குறை கூறுவதற்காக நாம் சொல்லவில்லை. சுவர் கண்ணுக்குத் தெரிந்ததால் அதை இடிக்க முடிந்தது. கண்ணுக்குத் தெரியாத சுவர்கள் இன்னும் எத்தனையோ பங்குகளில் நிற்கின்றன. கல்லறைத் தோட்டத்தில் இன்னாருக்கு இந்தப் பக்கம் என்ற வழக்கம். தேர் இந்தத் தெருவுக்கு வரும், அந்தத் தெருவுக்கு வராது என்ற கட்டுப்பாடு. திருவிழா வரியை யாரிடம் வாங்குவது, முதல் மரியாதை யாருக்கு என்ற பூசல். இவற்றால் கோவில் கதவு பூட்டப்பட்டதும், காவல் துறையார் பந்தோபஸ்தில் திருவிழா நடந்ததும் நம் மாநிலத்தில் உண்டு.

2003 நவம்பர் 17-ஆம் நாள் தமிழக ஆயர்களைச் சந்தித்த இரண்டாம் அருள் சின்னப்பர், கிறிஸ்தவர்களிடையே சாதி வேற்றுமையின் சாயல் இருந்தாலும் அது மனித ஒற்றுமைக்கு முரணான சான்று என்று சொன்னார். 2016-இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கென்றே ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது. நீதிக்காக உழை என்ற 1972-ஆம் ஆண்டின் அழைப்புக்கு நம் ஊரில் என்ன பொருள் என்று கேட்டால், முதல் விடை இதுவே. பிணக்கைப் பற்றிப் பேசாமல் இருப்பது சமாதானம் ஆகாது. அநீதிக்கு உள்ளானவன் வாய் திறக்காதிருப்பதை ஊர் அமைதியாக இருக்கிறது என்று கொள்வது பெரும் பிழை.

சொல்வதும் செய்வதும்

நம் தாய்மொழியில் சமாதானம் என்ற சொல்லுக்கு ஓர் அழகான இரட்டைத் தன்மை உண்டு. 'சமாதானம் சொல்லுதல்' என்றால் சாக்குப்போக்குச் சொல்லுதல். 'சமாதானம் செய்தல்' என்றால் பிரிந்தவரை ஒன்று சேர்த்தல். வேலைக்குப் பிந்தி வருபவன் சமாதானம் சொல்கிறான். அண்ணன் தம்பிக்குள் வரப்புத் தகராறு வந்தால் பெரியவர்கள் போய்ச் சமாதானம் செய்கிறார்கள். ஆண்டவர் பேறுபெற்றோர் என்று அழைத்தது சமாதானம் சொல்வோரை அல்ல, சமாதானம் செய்வோரையே. நம் சமாதான நாள் இவ்விரண்டில் எதுவாக இருக்கப் போகிறது?

வரும் ஜனவரி முதல் நாளை நம் பங்கில் எப்படிக் கொண்டாடலாம் என்பதற்குச் சில கருத்துகளை முன்வைக்கிறோம். வெண்புறா பறக்க விடுவதற்கும் ஊர்வலம் நடத்துவதற்கும் முன்னால் செய்ய வேண்டியவை இவை.

முதலாவது, திருவருகைக் காலத்திலேயே ஒவ்வோர் அன்பியமும் கூடி, தம் வட்டத்தில் பேச்சுவார்த்தையற்றுப் போன குடும்பங்களை மனத்தில் கொண்டு செபிக்கட்டும். பிறகு இரு தரப்பாரும் மதிக்கும் ஒருவர், ஊரறியாமல், வீட்டுக்குப் போய்ப் பேசட்டும். நள்ளிரவுத் திருப்பலியின் சமாதான வாழ்த்தின்போது, ஆண்டுக்கணக்கில் முகம் பாராத இரண்டு பேர் எதிரெதிரே கைகூப்பி நின்றால், அதைவிடச் சிறந்த புத்தாண்டு வாழ்த்து வேறு எது?

இரண்டாவது, பங்குப் பேரவையும் திருவிழாக் குழுவும் ஒரு நாள் உட்கார்ந்து, நம் வழக்கங்களில் யாருக்காவது மனம் நோகச் செய்பவை உண்டா என்று ஆராயட்டும். நொந்தவர்களையே முதலில் பேச விடட்டும். கல்லறையில், தேரோட்டத்தில், பாடகர் குழுவில், பீடச் சிறுவர் தெரிவில், எல்லாவற்றிலும் எல்லாருக்கும் ஒரே நியாயம் உண்டா என்று பார்க்கட்டும்.

மூன்றாவது, இந்த நாள் நமக்கு மட்டும் உரியதன்று என்று இதை நிறுவியவரே சொன்னதை நினைத்து, அன்று மாலை நம் இந்து, இஸ்லாமியச் சகோதரர்களையும் பிற சபைச் சகோதரர்களையும் கோவில் வளாகத்துக்கு அழைக்கலாம். நம் திருவிழாவுக்கு அவர்கள் வருவதும், அவர்கள் கொண்டாட்டங்களின் பலகாரம் நம் வீட்டுக்கு வருவதும் நம் ஊர்களின் பழைய வழக்கமே. அன்பு இருக்கும்போதே உறவைப் பேணினால், வதந்தி பரவும் நாளில் அது கைகொடுக்கும்.

நான்காவது, மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்கு அவ்வாண்டுச் செய்தியின் தலைப்பை எளிய தமிழில் விளக்கலாம். பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்வதும், சாதியைச் சொல்லி இழிப்பதும் போரின் விதைகள் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாம். சொல்வதற்கு முன் நம் வீட்டுப் பேச்சையும் கொஞ்சம் சோதித்துக்கொள்வது நலம்.

ஜூபிலியும் சமாதானமும்

பழைய ஏற்பாட்டில் ஜூபிலி என்பது ஐம்பதாம் ஆண்டு. லேவியர் ஆகமம் அதை விவரிக்கிறது. பரிகார நாளில் எக்காளம் முழங்கும். அடிமைப்பட்டவர்கள் விடுதலையாகித் தங்கள் குடும்பத்துக்குத் திரும்புவார்கள். வறுமையால் விற்ற நிலம் மீண்டும் உரியவனிடம் வந்து சேரும். நிலமும் ஓய்வு பெறும். அதாவது, ஒருவர் மற்றொருவருக்குச் செய்த கேடுகளைத் திருத்தி எல்லாரும் புதிதாகத் தொடங்கும் ஆண்டு அது. இதை மனத்தில் கொண்டே ஆறாம் சின்னப்பர் 1975-ஆம் புனித ஆண்டைப் புதுப்பித்தலின் ஆண்டாகவும் ஒப்புரவின் ஆண்டாகவும் அறிவித்தார். அவ்வாண்டின் சமாதான நாளுக்கும் ஒப்புரவையே தலைப்பாக்கினார். 2025-ஆம் ஜூபிலி ஆண்டின் முதல் நாளில் வந்த 58-ஆவது செய்தியிலும் மன்னிப்பே பேசப்பட்டது. ஏழை நாடுகளின் கடன்களைத் தள்ளும்படி பிரான்சிஸ் அதில் கேட்டார். அவர் பின் வந்த திருத்தந்தை 14-ஆம் லியோ, 2025 மே 8-ஆம் நாள் மாடத்தில் தோன்றியபோது மக்களுக்குச் சொன்ன முதல் வாழ்த்தும் சமாதான வாழ்த்தே.

ஆகவே ஜூபிலியைக் கொண்டாடும் பங்கு, புதிய வண்ணம் பூசிய கோபுரத்தாலும் மின்விளக்கு அலங்காரத்தாலும் மட்டும் நிறைவு காண இயலாது. பழைய கடன்கள் தள்ளப்பட்டனவா, பழைய பகைகள் மறக்கப்பட்டனவா, ஒதுங்கி நின்றவர்கள் உள்ளே வந்தார்களா என்றும் கேட்க வேண்டும். கோபுரத்தை ஊரார் கண்டு வியப்பார்கள்; இக்கேள்விகளுக்கு நாம் தரும் விடையை ஆண்டவர் காண்பார்.

பெரிய வல்லரசுகளின் படைகளைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் நமக்கு இல்லை. ஆனால் 1914-இல் கிறிஸ்மஸ் இரவில் பதுங்கு குழியை விட்டு முதலில் வெளியே வந்த போர்வீரனுக்கும் அந்த ஆற்றல் இல்லை. முதல் அடி எடுத்து வைக்கும் துணிவு மட்டுமே அவனிடம் இருந்தது. நம் ஊரில், நம் தெருவில், நம் குடும்பத்தில் அந்த முதல் அடியை எடுத்து வைக்கும் வரத்தைச் சமாதானத்தின் இராக்கினி நமக்குப் பெற்றுத் தருவாராக. நம் பங்கு மக்கள் அனைவருக்கும் ஜூபிலி வாழ்த்துகள்! ஆண்டவருடைய சமாதானம் உங்கள் இல்லங்களில் என்றும் தங்குவதாக!